எழுதத் தெரிந்த தளபதி

1863 அக்டோபர் 23 இரவு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் முற்றுகைக்குள் சிக்கித் தவித்த சட்டனூகா நகரத்துத் தலைமையகம். மழையில் தொப்பலாக நனைந்து, அடிபட்ட காலோடு வடதரப்புத் தளபதி யுலிசஸ் கிராண்ட் உள்ளே வருகிறார். அதிகாரிகள் வரைபடத்தைக் காட்டிச் சொல்வதையெல்லாம் வாய் திறக்காமல் கேட்கிறார். அதன்பிறகு கேள்வி மேல் கேள்வி. தோட்டா எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு, ஒரு நாள் சண்டைக்குத்தான் தேறும் என்று பதில் சொன்னவர் ஹோரஸ் போர்ட்டர் என்ற இளம் அதிகாரி.

பின்னர் கிராண்டின் நேரடி உதவியாளரான போர்ட்டர், போர் முடியும்வரை அவரோடு இருந்தார். தான் கண்டதை 1897-ல் நூலாக வெளியிட்டார். அதில் திரும்பத் திரும்ப வருவது, தளபதி மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் காட்சிதான். சொல்லுக்காகத் தயங்காமல், அடித்துத் திருத்தாமல் எழுதுவார். எழுதி முடித்த தாளை மேஜையிலிருந்து தரையில் தள்ளிவிடுவார். எல்லாம் முடிந்ததும் குனிந்து பொறுக்கி, அடுக்கி, அனுப்பச் சொல்வார். எழுத்தர்கள் இருந்தும் முக்கியமான உத்தரவுகளை அவரே எழுதினார்.

சட்டனூகாவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் தீனியின்றி ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தன. வீரர்களுக்கு அரை வயிற்றுக்குக்கூட உணவில்லை. உணவுப் பாதையைத் திறக்கும் திட்டத்தை அங்கிருந்த பொறியாளர் அதிகாரி ஒருவர் முன்பே வகுத்திருந்தார். கிராண்ட் இடத்தை நேரில் பார்த்தார், திட்டத்தை ஏற்றார், உத்தரவிட்டார். பத்து நாட்களுக்குள் உணவு வந்து சேர்ந்தது. யோசனை யாருடையதாகவும் இருக்கலாம். அதைச் செய்யச் சொன்னவர் யார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கக்கூடாது. கிராண்டுடைய தலைமையின் உயிர்நாடி இதுதான்.

இளம் வயதில் மெக்சிகோ போரில் ஜக்கரி டெய்லர் என்ற தளபதியின் கீழ் கிராண்ட் பணியாற்றினார். டெய்லர் அதிகம் பேசமாட்டார். எழுதினால் தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இருக்காது. அந்தப் பாடத்தை கிராண்ட் மறக்கவில்லை. எவ்வளவு அவசரத்தில் எழுதினாலும் அவருடைய உத்தரவை இரண்டாம் முறை படிக்கத் தேவையில்லை என்று உடனிருந்த அதிகாரிகள் வியந்திருக்கிறார்கள்.

தெளிவில்லாத உத்தரவு என்ன செய்யும் என்பதற்கு அந்த நூற்றாண்டே சாட்சி. 1854 அக்டோபர் 25, கிரிமியப் போரின் பேலக்லாவா. மேட்டிலிருந்து எழுதிக் கொடுத்த உத்தரவில் எந்தப் பீரங்கிகளைச் சொல்கிறது என்பது தெளிவாக இல்லை. பள்ளத்தாக்கில் நின்றவர்களுக்கு மேட்டிலிருந்து தெரிந்தது தெரியவில்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குதிரை வீரர்கள் தவறான பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1863 ஜூலை 1, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க். முடிந்தால் எதிரேயுள்ள குன்றைப் பிடியுங்கள், ஆனால் பெரிய சண்டையில் இறங்கவேண்டாம் என்று தென்தரப்புத் தளபதி ஒருவருக்கு உத்தரவு போனது. அவர் தாக்கவில்லை. குன்று வடதரப்பிடமே நின்றது. முடிந்தால் என்று மேலிருப்பவர் சொல்லும்போது, முடிவெடுக்கும் பாரம் கீழிருப்பவர் தலையில் இறங்கிவிடுகிறது.

1864 மே மாதம் வில்டர்னஸ் காட்டில் நடந்த சண்டையில் கிராண்டை மிக அருகிலிருந்து பார்த்தார்கள் அவருடைய உதவியாளர்கள். புகை மண்டிய காடு. இரண்டு நாளில் வடதரப்பில் மட்டும் 17,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள், காயமுற்றார்கள் அல்லது காணாமல் போனார்கள். கிராண்ட் ஒரு மரத்தடியில் அமர்ந்து கத்தியால் குச்சியைச் சீவிக்கொண்டு, சுருட்டு மேல் சுருட்டாகப் புகைத்தார். எதிர்த்தரப்புத் தளபதி ராபர்ட் லீ நம்மைச் சுற்றி வளைத்துவிடுவார் என்று ஓர் அதிகாரி பதறி ஓடிவந்தபோது மட்டும் சீறினார்: லீ என்ன செய்வார் என்பதை விட்டுவிட்டு, நாம் என்ன செய்யப் போகிறோம் என்று யோசிக்கச் சொன்னார். மே 7 காலையில் அவர் எழுதிய உத்தரவு, அன்றிரவே படை நகரவேண்டும் என்றது. அதற்கு முன்பெல்லாம் இப்படி அடிவாங்கிய படை வடக்கே திரும்பியதுதான் வழக்கம். இந்த முறை பாதை தெற்கே திரும்பியது என்று தெரிந்ததும் களைத்த வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

உதவியாளர்களை அவர் தபால்காரர்களாக நடத்தவில்லை. உத்தரவுகளின் நோக்கத்தை என்னோடு விவாதியுங்கள், எந்த நிலைமையில் நான் என்ன நினைப்பேன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவைத்தார். போர்முனையில் நிலைமை மாறினால் அவருடைய கருத்தைத் தளபதிகளிடம் அவர்கள் எடுத்துச் சொல்லவேண்டும் என்பதற்காக. அவருடைய பணிக்குழுவின் தலைமை அதிகாரி ஜான் ராலின்ஸ், குடிப்பழக்கம் பற்றி அவரையே கண்டித்துக் கடிதம் எழுதியவர். அப்படிப்பட்டவரைக் கடைசிவரை பக்கத்திலேயே வைத்திருந்தார் கிராண்ட்.

ஆள்பலத்தால்தான் வென்றார், வீரர்களைப் பலிகொடுத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. கோல்டு ஹார்பர் சண்டையின் கடைசித் தாக்குதலுக்காக அவரே தன்வரலாற்று நூலில் வருந்தியிருக்கிறார். தன் பெயரில் போன உத்தரவுக்குத் தானே பொறுப்பேற்றவர் அவர்.

1865 ஏப்ரல் 9, அப்போமாட்டாக்ஸ். சரணடைந்த லீயின் எதிரே அமர்ந்து நிபந்தனைகளையும் கிராண்டே எழுதினார். செனக்கா பழங்குடியைச் சேர்ந்த உதவியாளர் ஈலி பார்க்கர் அதைப் பிரதி எடுத்தார். அதிகாரிகள் தங்கள் சொந்த ஆயுதத்தையும் குதிரையையும் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. படைவீரர்களும் சொந்தக் குதிரைகளை உழவுக்குக் கொண்டுபோக அனுமதித்தார். பட்டினி கிடந்த படைக்கு 25,000 பேருக்கான உணவு கொடுக்கச் சொன்னார். பழிவாங்கலுக்கு இடம்கொடுக்காத ஆவணம் அது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் அலுவலகங்கள்தான் கண்முன் வருகின்றன. மேலிடத்தில் சொன்னார்கள், போனில் சொல்லியாச்சு, பார்த்துச் செய்யுங்கள் என்ற பேச்சுகளில் எத்தனை வேலை நடக்கிறது! ஏதாவது தவறு நேர்ந்தால் உத்தரவிட்டவர் யாரென்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. கீழே இருக்கும் ஊழியர்தான் விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும். வாய்மொழி உத்தரவு என்ற இந்த நோய், சொல்பவரைக் காப்பாற்றிச் செய்பவரைப் பலிகொடுக்கிறது. அவசரத்துக்கு வாயால் சொல்வதில் குற்றமில்லை. அடுத்த மணி நேரத்திலாவது எழுத்தில் வரவேண்டாமா?

பத்துப் பேரை வேலை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். என்ன செய்யவேண்டும், எப்போது செய்யவேண்டும், எதற்காக என்று நாலே வரியில் நீங்களே எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அதற்குத் துணிவில்லாத உத்தரவை யாருக்கும் கொடுக்காதீர்கள்.