உங்களுக்குத் தெரியுமா? மாளிகையில் பிறந்த சத்து மாவு

மைசூர் அரச குடும்பத்தினருக்கென எழுப்பப்பட்டு இன்றும் கம்பீரமாய் நிற்கும் செலுவாம்பா மாளிகையில், 1950-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், போஷாக்கின்றி மெலிந்த ஏழைக் குழந்தைகளின் தேக புஷ்டியைக் கருதி, 'பல்நோக்கு உணவு' என்னும் மாவொன்றைச் சித்தப்படுத்தியது. எண்ணெய் பிழிந்தபின் எஞ்சிய வேர்க்கடலையின் மாவு முக்கால் பங்கும், வறுத்த கடலைமாவு கால் பங்குமாகச் சேர்த்து, அவற்றோடு ஏ, டி வைட்டமின்களையும், பி வகையைச் சார்ந்த தயாமின், ரிபோஃப்ளேவின் ஆகியவற்றையும், எலும்புக்கு ஆதாரமான சுண்ணாம்புச் சத்தையும் கலந்தனர். அந்த மாவின் 100 கிராமில் ஏறக்குறைய 40 கிராம் புரதம் உண்டு! மலிவான பொருளிலிருந்து இத்துணைச் சத்தைத் திரட்டியது மகத்தான சேவையென்றே சொல்ல வேண்டும்.

போஷாக்குக் குறைவோடு இரத்தசோகையும் கண்டவர்களுக்கோ, இத்தகைய ஆகாரம் மாத்திரம் போதாது. வைத்தியர் இரத்தத்தைப் பரிசோதித்துத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் அவசியம். கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு, எலுமிச்சைச் சாறு உடன் சேர்ந்தால் உடம்பில் நன்கு ஒட்டுகிறது. சாப்பிட்ட கையோடு அருந்தும் காபியும் தேநீரும் அந்த இரும்பு ஒட்டுவதைக் குறைத்துவிடுகின்றன. ஆகையால், அன்பர்களே, உணவுக்குப் பின் காபியை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.