உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் பெட்டியும் சென்னை மாகாணச் சட்டசபையும்

தமிழகத்தோடு ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கியிருந்த அந்நாளைய சென்னை மாகாணத்துக்கு, 1935-ஆம் வருஷத்திய இந்திய சர்க்கார் சட்டம் 215 ஸ்தானங்கள் கொண்ட கீழ்ச்சபை ஒன்றையும், ஒருபோதும் கலைக்கப்படாமல் மூன்றாண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கினர் மட்டும் விலகும் மேல்சபை ஒன்றையும் வகுத்துத் தந்தது. கீழ்ச்சபை ஸ்தானங்களில் 146 பொதுத் தொகுதிகளுக்குரியவை. மற்றவையோ முஸ்லிம்களுக்கு 28, கிறிஸ்தவர்களுக்கு 8, ஸ்திரீகளுக்கு 8, தொழிலாளருக்கு 6, நிலச்சுவான்தார்களுக்கு 6, சர்வகலாசாலைக்கு 1 என்றும், எஞ்சியவை வேறு பிரிவினருக்கென்றும், பாகப்பிரிவினைப் பத்திரம் போலத் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

பொது ஸ்தானங்களில் 30 தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டவை. பூனா ஒப்பந்தத்தின் விளைவாக, அங்கே நால்வருக்கு மேல் போட்டியிட்டால், அவ்வகுப்பு வாக்காளர்கள் மட்டும் முதலில் கூடி நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் பின்னரே தொகுதியிலுள்ள பொது வாக்காளர் அனைவரும் சேர்ந்து அந்நால்வரில் ஒருவரைத் தெரிவு செய்வார்கள்.

வாக்குரிமை எல்லோர்க்கும் உரியதன்று; சொத்து, வரி, எழுத்தறிவு முதலியவற்றைக் கொண்டே அது நிர்ணயிக்கப்பட்டது. எனினும் எழுத்தறியாத வாக்காளரும் உண்டாகையால், 1937 தேர்தலில் கட்சிக்கொரு வர்ணமாக வாக்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காங்கிரஸின் மஞ்சள் பெட்டி அன்று ஊரெங்கும் பிரசித்தம்.

159 ஸ்தானங்களைப் பெற்ற அக்கட்சியின் சார்பில் ராஜாஜி பிரதம மந்திரியானார் (மாகாண முதல்வருக்கு அன்று அதுவே பட்டம்). புலுசு சாம்பமூர்த்தி சபாநாயகராகவும், உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி துணைச் சபாநாயகராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.