தரங்கம்பாடி: வாடகை நிலத்தில் நின்ற கோட்டை

தரங்கம்பாடி என்றதும் கடலைப் பார்த்து நிற்கும் மஞ்சள் நிறக் கோட்டைதான் பலருக்கும் ஞாபகம் வரும். டான்ஸ்பார்க் கோட்டை. "டேனிஷ்காரன் கட்டினது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கட்டியது அவர்கள்தான். ஆனால் அது நிலைத்து நின்ற கதை வேறு.

ஊர் கோட்டையைவிட மூத்தது. இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிலுக்கு 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் நிலம் கொடுத்தான். அக்காலக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி; குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. பட்டினம் என்றால் வணிகத் துறைமுகம். ஆக டேனியர்கள் வந்து இறங்கியது வெறும் மணல்மேட்டில் இல்லை.

1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கும் ஒப்பந்தம் ஆனது. டேனிஷ் தரப்பில் வந்தவர் ஓவே கெட்டே என்ற இளம் கடற்படைத் தளபதி. நாயக்கர் தமிழில் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. நிலத்தை அவர் விற்கவில்லை. வருஷா வருஷம் வாடகைப் பணம் கட்ட வேண்டும். கோட்டை அவர்களுடையது, மண் நாயக்கருடையது.

அவர்களுக்கு வேண்டியது மிளகு, அதோடு துணி. சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பலேற்றி, இன்றைய இந்தோனேசியாவின் மக்காசாரில் கொடுத்து கிராம்பு வாங்கினார்கள். அந்தக் காலத்துக் கரையோர வணிகத்தில் இடைத்தரகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் போகும், துணி திரும்பி வரும். எங்க சோமனூர்ப் பக்கம் பாவு நூலைக் கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்குகிறார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும்.

இனிதான் முக்கியமான கட்டம். ஐரோப்பாவில் போர்களில் டென்மார்க் நொடித்துப்போனது. 1650-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கோட்டையில் இருந்த டேனியர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், ஓடினார்கள். 1655 வாக்கில் மிஞ்சியவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்ற ஒரே ஆள். எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண மனிதர்.

அவர் என்ன செய்தார்? கூலிக்கு அமர்த்திய உள்ளூர் ஆட்களை வைத்துக் காவல் போட்டார். வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்துப் பணம் பார்த்தார். சுத்தமான கடற்கொள்ளை என்றே சொல்லலாம். அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். நாயக்கரோடு எப்படியோ சமாளித்துப் போனார். 1669-இல் ஃபேரோ என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. கொடி டென்மார்க்குடையது, அதைக் காத்த ஆட்கள் பெரும்பாலும் நம்மூர்க்காரர்கள். அவர்கள் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

இதே கோட்டையில்தான் சீகன்பால்கு சிறை இருந்தார். 1706-இல் டேனிஷ் அரசர் அனுப்பி வந்த பாதிரியாரை, 1708 கடைசியில் அதே டேனிஷ் தளபதி நான்கு மாதம் போல அடைத்து வைத்தார். வெளியே வந்தவர் அச்சுக்கூடம் வைத்து, 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்.

1845-இல் தரங்கம்பாடி, வங்காளத்து செராம்பூர், பாலசோரில் ஒரு துண்டு நிலம் எல்லாம் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கைமாறியது. பிறகு 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வணிகம் அங்கே போய்விட்டது. சண்டை எதுவும் இல்லாமலே துறைமுகம் ஓய்ந்தது.

மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது. 2004 சுனாமி ஊரைப் புரட்டிப்போட்டது. கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில், அருங்காட்சியகமாக இருக்கிறது. போனால் கீழ்த்தளத்துக் கிடங்குகளையும் சிறை அறையையும் பொறுமையாகப் பாருங்கள். மேல்தளத்தில் ஆளுநர்கள் வாழ்ந்தார்கள். கோட்டை பிழைத்தது கீழே உழைத்தவர்களால்.