லேசர் இடுக்கியில் ஒரு சிவப்பணு

திரவத் துளிக்குள் மிதக்கும் இந்த இரத்தச் சிவப்பணுவை எந்தக் கருவியும் தொடவில்லை. குவிந்த லேசர் ஒளியே அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஒற்றைக் கற்றையால் நுண்பொருளை இப்படிப் பிடிக்க முடியும் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் குழுவினரும் 1986-இல் காட்டினர். 2018-இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி ஆஷ்கினுக்குக் கிடைத்தது.

பிடித்த அதே ஒளி செல்லின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுகிறது. அதில் மிகச் சிறிய பங்கு, ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு ஃபோட்டான், அலைநீளம் மாறி வெளிவரும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கொல்கத்தாவில் கண்டறிந்த விளைவு இது. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா என்பதைக்கூட அந்த மாற்றம் சொல்லிவிடும்.

இத்தனை அரிதான ராமன் ஒளியைச் சிந்தாமல் சேர்ப்பதில்தான் செல்லைப் பிடித்தபடியே அதை அளக்கும் இக்கருவியின் அழகெல்லாம் இருக்கிறது. பச்சை லேசர் அந்த ஒளியைக் கூட்டும். ஆனால் சிவப்பணு பச்சை ஒளியை உறிஞ்சிச் சூடேறிவிடும். ஆகவே 785 நானோமீட்டர் அகச்சிவப்பு. கற்றையை விரித்து, பொருளருகு லென்ஸின் பின்வாயை நிரப்பினால்தான் குவியம் கூர்மையாகும், பிடி இறுகும். சாதாரணக் கண்ணாடித் தகடு தானே ஒளிர்ந்து குழப்பும் என்பதால் குவார்ட்ஸ் தகடு. உணர்விக்கு முன்னுள்ள ஊசித்துளையையும் பாருங்கள். குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியை அது தடுக்கிறது. அத்துளை இம்மியளவு விலகினாலும் செல்லின் ஒளியும் சேர்ந்தே தொலைந்துபோகும்.