உங்களுக்குத் தெரியுமா? டிஸ்னி உலகத்துச் சாப்பாடும் அதற்கு விழும் மார்க்கும்

◆ அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டது 1971 அக்டோபர் 1 அன்று. அங்கே டிஸ்னியே நடத்தும் ஓர் உணவகத்துக்கு முதல் மிஷலின் நட்சத்திரம் கிடைக்க 2024 வரை ஆயிற்று. கிராண்ட் ஃபுளோரிடியன் ஹோட்டலுக்குள் இருக்கும் ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்’தான் அது. கொரோனா அடைப்புக்குப் பின் 2022இல் மீண்டும் திறந்தபோது ஒருவருக்கு 295 டாலரிலிருந்து விலை ஆரம்பித்தது. பத்து வயது நிரம்பாத குழந்தைகளை உள்ளே விடுவதில்லை.

◆ உணவகங்களை மதிப்பிடும் மிஷலின் வழிகாட்டி ஃபுளோரிடாவுக்கு வந்ததே 2022இல்தான். முதலில் மயாமி, ஆர்லாண்டோ, டாம்பா ஆகிய மூன்று ஊர்கள். மாநிலத்தின் சுற்றுலா அமைப்புகள் அதற்குப் பணம் கொடுத்தன. எனவே 2022க்கு முன் அங்கே ஓர் உணவகத்துக்கு நட்சத்திரம் இல்லை என்றால் சாப்பாடு சுமார் என்று பொருளல்ல. ருசி பார்த்து மதிப்பிட மிஷலினிலிருந்து யாரும் வரவில்லை, அவ்வளவுதான். வந்த முதல் வருடமே டிஸ்னி வளாகத்தில் இருக்கும் ஃபோர் சீஸன்ஸ் ஹோட்டலின் 17ஆம் மாடியில் உள்ள ‘காபா’ ஒரு நட்சத்திரம் வாங்கிவிட்டது. அந்த ஹோட்டலை நடத்துவது டிஸ்னி அல்ல.

◆ மிஷலின் நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். மேசை விரிப்பு, நாற்காலி, ஜன்னல் வழியே தெரியும் காட்சி எதற்கும் அதில் இடமில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ‘டிரிபிள் ஏ’ கொடுக்கும் வைரக் குறியீட்டில் உணவோடு உபசரிப்பும் சூழலும் சேரும். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் 2000ஆம் ஆண்டே அந்த ஐந்து வைரத்தை எட்டியது. அளவுகோலும் வேறு, மிஷலின் அங்கே வந்ததும் தாமதம் என்பதால் ஒரே உணவகத்துக்கு ஒரு பாராட்டு ஏறக்குறைய கால் நூற்றாண்டு முன்னதாகவே வந்துவிட்டது.

◆ உணவு, சூழல், உபசரிப்பு மூன்றையும் சரியாகப் பிரித்துப் பார்த்தது ஒரு வக்கீல் தம்பதி. டிம், நீனா ஜகாட் இருவரும் 1979இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘ஜகாட்’ கையேட்டில், சாப்பிட்டுவிட்டு வந்த சாதாரண மக்களிடம் கேட்டு உணவுக்கு 30க்கு இவ்வளவு, அலங்காரத்துக்கு 30க்கு இவ்வளவு, உபசரிப்புக்கு 30க்கு இவ்வளவு என்று தனித்தனியாக மார்க் போட்டார்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பதும் பக்கத்திலேயே இருந்தது. பொழுதுபோக்குப் பூங்காவின் உணவகங்களை ஒப்பிட இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. இன்றைய ஐந்து நட்சத்திர ரேட்டிங்கில் மூன்றும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன.

◆ உதாரணத்துக்கு, டிஸ்னி வேர்ல்டில் உள்ள மேஜிக் கிங்டம் பூங்காவின் நடுவில் நிற்கும் சிண்ட்ரெல்லா கோட்டை. அதற்குள்ளேயே உணவகம் இருக்கிறது. 1997 வரை அதன் பெயர் ‘கிங் ஸ்டெஃபன்ஸ் பேங்க்வெட் ஹால்’. ஸ்டெஃபன் ராஜா வருவது தூங்கும் அழகியின் கதையில். சிண்ட்ரெல்லாவுக்கும் அவருக்கும் உறவே கிடையாது. இப்போது ‘சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள்’. இங்கே ஐந்து நட்சத்திரம் கொடுக்கும் அப்பா கோழிக்கறிக்கு மார்க் போடவில்லை. தன் மகள் இளவரசி வேடத்தில் வருபவரின் பக்கத்தில் நின்று சிரித்ததற்குப் போடுகிறார். அதுவும் உண்மையான மார்க்தான், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பிள்ளைகள் இல்லாமல் போகும் ஒரு தம்பதிக்கு அந்த எண் எதையும் சொல்லாது.

◆ டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் 2021இல் திறந்த ‘ஸ்பேஸ் 220’ உணவகத்தில், விண்வெளிக்கு ஏறுவதுபோன்ற லிஃப்டில் நம்மை அழைத்துப் போகிறார்கள். பூமியிலிருந்து 220 மைல் உயரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாகக் கற்பனை. ரேட்டிங்கில் அந்தக் காட்சிக்கு எத்தனை பங்கு என்பதை ரிவ்யூவைப் படித்துத்தான் பிரித்தெடுக்க முடியும்.

◆ மேஜிக் கிங்டத்தில் 2012 வரை மது கிடையாது. அந்த ஆண்டு திறந்த ‘பி அவர் கெஸ்ட்’ உணவகத்தில்தான் முதன்முதலாக இரவுச் சாப்பாட்டோடு ஒயினும் பியரும் பரிமாறினார்கள்.

◆ நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் ‘சனா’. அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலின் கிடானி வில்லேஜ் பகுதியில் 2009இல் திறந்தது. ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்த மெனு. இந்தியப் பெருங்கடல் வணிகத்தால் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இந்த இரண்டும் உண்மையிலேயே கலந்தவை என்பதால் இது ஒட்டவைத்த கலப்பாகத் தெரிவதில்லை. அங்கே பேர் போனது ரொட்டித் தட்டு: நான், பூண்டு இஞ்சி நான், வெங்காயக் குல்ச்சா, பனீர் பராத்தா, தொட்டுக்கொள்ள புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, மாங்காய்ச் சட்னி, பூண்டு ஊறுகாய், வெள்ளரி ராய்த்தா உள்ளிட்ட ஒன்பது வகை. ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். ஹோட்டலுக்குள் இருப்பதால் பூங்கா டிக்கெட் தேவையில்லை. இளவரசியும் இல்லை, கோட்டையும் இல்லை. ரொட்டிக்காகவே தேடிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் உணவகத்துக்கு இதைவிட நம்பகமான மார்க் எது?

◆ டிஸ்னி பெயர்ப்பலகைக்குக் கீழே சமைப்பது எப்போதும் டிஸ்னி அல்ல. எப்காட்டின் பிரான்ஸ் பகுதியில் 1982இல் திறந்த ‘ஷெஃப் த ஃபிரான்ஸ்’ உணவகத்தை உருவாக்கியவர்கள் பால் போக்யூஸ், ரோஜே வெர்ஜே, காஸ்தோன் லெனோத்ர் என்ற மூன்று பிரெஞ்சு மேதைகள். ஸ்பேஸ் 220ஐ நடத்துவதும் வெளி நிறுவனம்தான். ஆகவே “டிஸ்னியில் சாப்பாடு நன்றாக இருக்கும்”, “இருக்காது” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது அர்த்தமில்லாதது.

◆ ரேட்டிங்கால் வியாபாரம் மாறுமா? அப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த மைக்கேல் லூகா 2011இல் வெளியிட்ட ஆய்வில், ‘யெல்ப்’ ரிவ்யூ தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவிகிதம் உயர்வது தெரியவந்தது. ஆனால் இந்த உயர்வு தனி உணவகங்களுக்குத்தான். பெயர் பெற்ற சங்கிலி உணவகங்களில் அசைவே இல்லை. பூங்கா உணவகங்கள் இந்த இரண்டாவது வகையை ஒட்டியவை என்பது என் கணிப்பு. பகல் ஒரு மணிக்குப் பசியில் அழும் குழந்தையோடு நிற்பவர் வெளியே போய் வேறு கடை பார்க்க மாட்டார். மோசமான ரேட்டிங்கும் அங்கே சமையல்காரரைத் தட்டி எழுப்பாது. அதனால்தான் போவதற்கு முன்பே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது நம் பொறுப்பாகிறது.

◆ மழை நாளில் மார்க் குறையும்! பத்து லட்சத்துக்கும் அதிகமான உணவக ரிவ்யூக்களை ஆராய்ந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, மழையும் பனியும் பெய்யும் நாட்களில் எழுதியவற்றில் ரேட்டிங் தாழ்ந்திருப்பதைக் காட்டியது. ஆர்லாண்டோவில் கோடைக்காலம் முழுக்கப் பிற்பகல் இடிமழை வழக்கம்.

◆ ‘அனஃபிஷியல் கைடு டு வால்ட் டிஸ்னி வேர்ல்டு’ என்ற பிரபல வழிகாட்டி நூல், தன் விமர்சகர்களின் மதிப்பீட்டுக்குப் பக்கத்திலேயே வாசகர்களில் எத்தனை சதவிகிதம் கட்டைவிரலை உயர்த்தினார்கள் என்பதையும் தருகிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். விமர்சகர் தட்டைப் பார்த்திருப்பார், குடும்பம் அந்த நாளைப் பார்த்திருக்கும்.

◆ மேசை முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் தங்கும் நாட்களில் பத்து நாள்வரை சேர்த்துப் பதியலாம். சொல்லாமல் வராமல் போனால் பல இடங்களில் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள். இடம் கிடைப்பது கடினம் என்பதற்காக மட்டும் ஓர் உணவகத்தை உயர்வாக நினைத்துவிடாதீர்கள். கோட்டைக்குள் இருக்கும் மேசைகள் எண்ணிக்கையிலேயே குறைவு.

◆ சைவர்களுக்கு: 2019 முதல் டிஸ்னி வேர்ல்டு மெனுவில் பச்சை இலைக் குறி போட்ட உணவுகள் உண்டு. இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தேன்கூடச் சேராதவை அவை. பால் சாப்பிடும் சைவர்கள் இலைக் குறியோடு நிற்காமல் ஊழியரிடம் கேட்டால் இன்னும் பல உணவுகள் கிடைக்கும்.