பைப்புக்குள் ஒரு நீர்மூழ்கி

தி.நகர் கடை ஒன்றில் பிளாஸ்டிக் நீர்மூழ்கிக் கப்பல் 'கிட்' விலை கேட்டேன். வந்த வழியே திரும்பிவிட்டேன். ஆசை மட்டும் திரும்பவில்லை. எனக்கோ டிராயிங்கில் அரியர். ஸ்கேல் கணக்கு என்றாலே உதறல். சரி, நாமே செய்வோம் என்று துணிந்தேன்.

எடுத்துக்கொண்டது ஐ.என்.எஸ். குர்சுரா. 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் அரபிக் கடலில் ரோந்து போன கப்பல். 2001-ல் ஓய்வு, 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகம். நீளம் 91.3 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். 350-ஆல் வகுத்தால் 26 சென்டிமீட்டர், 21 மில்லிமீட்டர். அட, அப்பா வயரிங் வேலைக்குப் போடும் 20 எம்.எம். பைப்! வீட்டு மூலையில் துண்டு துண்டாகக் கிடக்கிறதே!

செய்முறை இதுதான். பைப்பை 22 செ.மீ. வெட்டுங்கள். முனைகளை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு பக்கமும் 2 செ.மீ. நீள எம்-சீல் அப்புங்கள். இறுகியதும் தேய்த்து வடிவம் கொண்டு வாருங்கள். டார்பிடோ துளைகள் முன்னால் 6, பின்னால் 4. கோபுரத்துக்கு உடைந்த ஸ்கேல் துண்டுகள். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் மூன்று புரொப்பெல்லர். நான் முதலில் ஒன்றுதான் வைத்தேன். படம் பார்த்துத் திருத்தினேன்.

அப்பா கையில் வாங்கிப் பார்த்தார். "எத்தனைக்கு எத்தனைடா?"

"ஒண்ணுக்கு முந்நூத்தி அம்பதுப்பா."

அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவர், டேப் வைத்து அளந்தார். உதடு முணுமுணுத்தது. "நிஜக் கப்பல் தொண்ணூறு மீட்டருக்கு மேல வருதே! நம்ம மயிலாப்பூர்த் தெருவையே அடைச்சுடும்டா."

எனக்கு அரியர் வாங்கிக் கொடுத்த கணக்கை அவர் மனசாலேயே போட்டுவிட்டார். அடுத்த பரீட்சைக்கு அவரிடம்தான் உட்கார்ந்தேன். அரியர் போச்சு!

நீங்களும் செய்து பாருங்கள், நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்