மெகஸின்: ஒரு களஞ்சியத்தின் கதை

அன்றொரு நாள் இரவு வானொலிச் செய்தியில், "ஒரு துப்பாக்கியும் இரண்டு மெகஸின்களும் கைப்பற்றப்பட்டன" என்று வாசித்தார்கள். சஞ்சிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். "வாப்பா, மெகஸின் என்றால் இதுதானே? துப்பாக்கியோடு இதற்கென்ன வேலை?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல அரபு மொழிக்குத்தான் போகவேண்டும்.

அரபியில் 'கஸன' என்றால் சேமித்து வைத்தான் என்பது பொருள். சேமித்து வைக்கும் இடம் 'மக்ஸன்'. அதன் பன்மை 'மகாஸின்'. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் அரபு வணிகர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்த ஐரோப்பியர், பண்டங்களோடு பண்டகசாலையின் பெயரையும் கொண்டு சென்றனர். இத்தாலி, பிரெஞ்சு மொழிகளின் வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது. ஸ்பானியரோ 'அல்' என்ற அரபு முன்னொட்டையும் விடாமல், பண்டகசாலையை இன்றும் 'அல்மஸேன்' என்கின்றனர்.

ஆங்கிலத்தில் முதலில் பண்டகசாலையைக் குறித்த சொல், பின்னர் வெடிமருந்துக் கிடங்குக்கு உரியதாயிற்று. 1857 மே 11இல் டில்லியில், கிளர்ச்சியாளர் கையில் சிக்காதிருக்க ஆங்கிலேயர் தாமே வெடிக்கவைத்த கிடங்கும் மெகஸின்தான். துப்பாக்கியில் ரவைகளை அடுக்கிவைக்கும் பெட்டிக்கும் அப்பெயரே வந்தது.

அப்படியானால் சஞ்சிகை? 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் 'ஜென்டில்மன்ஸ் மெகஸின்' என்ற மாத வெளியீட்டைத் தொடங்கினார். பல பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த விடயங்களை ஓரிடத்தில் சேர்த்துத் தரும் களஞ்சியம் என்பதே அவர் கருத்து. அதன்பின் இத்தகைய வெளியீடுகள் அனைத்துக்கும் அதுவே பெயராயிற்று. வேடிக்கை என்னவென்றால், அரபு மொழி சஞ்சிகையை 'மஜல்லா' என்று வேறு சொல்லால் அழைக்கிறது!

தமிழில் நாம் சொல்லும் 'கஜானா'வும் இதே அரபு வேரில் பிறந்ததுதான். நெல் சேமித்த களஞ்சியத்தைக் 'கலைக்களஞ்சியம்' ஆக்கிய தமிழரும் கேவ் நினைத்ததையே நினைத்திருக்கிறார்கள்.

ஸூரா யூஸுபில் யூஸுப் (அலை) அவர்கள் எகிப்திய மன்னரிடம் கேட்டுப் பெற்ற பொறுப்பு, நாட்டின் 'கஸாஇன்', அதாவது களஞ்சியங்களின் பொறுப்பு. வளமான காலத்தில் சேமித்த தானியம் பஞ்ச காலத்தில் மக்களைக் காத்தது.

இவ்வளவையும் கேட்டிருந்த மகள், "அப்போ உள்ளே எதை வைத்தாலும் பெயர் ஒன்றுதானா வாப்பா?" என்றாள்.

ஆம், பெயர் ஒன்றுதான். தானியம் வைத்தால் ஊர் பசியாறும். வெடிமருந்து வைத்தால் ஊர் எரியும். பிள்ளைகளின் உள்ளமும் ஒரு மக்ஸன்தான். அதில் நாம் தினமும் எதைச் சேர்த்து வைக்கிறோம் என்பதைப் பெற்றோராகிய நாமல்லவா பார்த்துக்கொள்ள வேண்டும்?